பார்க்கா யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: குளிருக்குப் போடுவது எல்லாமே ஓவர்கோட்தானே? அதற்கு எதற்கு நூறு பெயர்?
– மதுரை வாசகர்

பதில்: இட்லி, இடியாப்பம், ஆப்பம் எல்லாமே அரிசிதானே என்று உங்கள் வீட்டு அடுப்படியில் கேட்டுப் பாருங்கள்! கப்பல் தளத்தில் காவல் நிற்பவனின் குளிர் வேறு, பதுங்குகுழிச் சேற்றில் கிடப்பவனின் குளிர் வேறு, பனிக்கட்டி மேல் சீல் வேட்டைக்குக் காத்திருப்பவனின் குளிர் வேறு. ஒவ்வொரு குளிருக்கும் ஒரு கோட்டு பிறந்தது. பிறந்த ஊரோ, துணியோ, போட்டவரோ அதற்குப் பெயரானது.

கேள்வி: கனடாவில் என் மகள் பார்க்கா என்கிறாள், மருமகன் அனோராக் என்கிறார். யார் சொல்வது சரி?
– திருச்சி வாசகி

பதில்: கோட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். முழுக்கத் திறக்காமல் தலைவழியே மாட்டுவது அனோராக். கிரீன்லாந்து மக்களின் சொல் அது. தொடைவரை நீண்டு, முன்னால் ஜிப் வைத்தது இன்றைய பார்க்கா. அந்தச் சொல் நடந்த தூரம் பெரிது. ரஷ்யாவின் வடகோடியில் வாழும் நெனெத்ஸ் மக்களிடம் தொடங்கி, ரஷ்ய மொழி வழியாக அலூஷியன் தீவுகளுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. விலங்குத் தோல் என்பது மூலப் பொருள்.

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் பெண்கள் பார்க்காவைக் கரிபூ மான் தோலில் தைத்தார்கள். கடுங்குளிருக்கு இரண்டு அடுக்கு. உள்ளடுக்கின் மயிர் உடம்பைப் பார்த்து இருக்கும், வெளியடுக்கின் மயிர் காற்றைப் பார்த்து இருக்கும். அந்த மயிருக்குள் காற்றறைகள் உண்டு. அசையாத காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தலைமூடியின் விளிம்புக்கு வுல்வரின் என்ற விலங்கின் மயிர்; மூச்சுக்காற்று உறைந்து படிந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குத் தனி பார்க்கா: அமௌத்தி. அதன் முதுகுப் பையில் குழந்தை தாயின் உடம்புச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஊசியும் நரம்பிழையும் கொண்டு இதைச் செய்தவர்களை நான் பொறியாளர்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: டஃபிள் கோட்டில் பட்டனுக்குப் பதிலாக மரத்துண்டு ஏன்?
– சேலம் வாசகர்

பதில்: கையுறையைக் கழற்றாமல் மாட்டத்தான். டஃபிள் என்பது பெல்ஜியத்தில் ஓர் ஊர், முரட்டுக் கம்பளிக்குப் பேர்போனது. பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கோட்டை மாலுமிகளுக்குக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்த் தளபதி மான்ட்கோமரி விரும்பிப் போட்டார். இத்தாலியில் இன்றும் கடைக்குப் போய் "மான்ட்கோமரி" என்று கேட்டால் இந்தக் கோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். நோயாளிக்குக் கீழே விரிக்கும் ரப்பர் ஷீட்டை மெக்கின்டாஷ் என்கிறோம். அது கோட்டின் பெயராமே?
– வேலூர் வாசகி

பதில்: ஆமாம், உங்கள் வார்டில் 200 வருஷப் பெயர் ஒன்று புழங்குகிறது. ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் மெக்கின்டாஷ், ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-ல் காப்புரிமை வாங்கினார். மழை உள்ளே வராத கோட்டு பிறந்தது. ஆனால் அது வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: ட்ரெஞ்ச் கோட்டு?
– கோவை வாசகர்

பதில்: ட்ரெஞ்ச் என்றால் பதுங்குகுழி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்டது. தோளில் இருக்கும் பட்டி, பதவிச் சின்னம் குத்த.

கேள்வி: இவற்றுக்குத் தமிழில் சொல் கிடையாதா? ஜாக்கெட் என்று கேட்டால் ரவிக்கையை எடுத்துக் காட்டுகிறார்களே!
– ஊட்டி வாசகி

பதில்: உண்டு. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் போட்டிருப்பது "மெய்ப்பை". மெய்யை உள்ளே போட்டுக்கொள்ளும் பை! கோட்டுக்கு இதைவிடக் கச்சிதமான சொல்லை யார் சொன்னாலும் ஏற்கிறேன். மழைக்கு நம் சம்சாரிகளின் கொங்காணி இருக்கிறது: சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்தித் தலைவழியே போட்டால், தலைமூடியும் முதுகுப்போர்வையும் ஒன்றாகிவிடும். பொதுப்பெயராக மெய்ப்பை வரட்டும். ஆனால் பார்க்காவைப் பார்க்கா என்றே சொல்லுவோம். அது நெனெத்ஸ் மக்களிடமிருந்து நடந்து வந்த பெயர்.

கேள்வி: நான் திருப்பூரில் மெர்சன்டைசர். ஆர்க்டிக் டிசைன் கேட்டு ஆர்டர் வருகிறது. பழைய டிசைன்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?
– திருப்பூர் வாசகர்

பதில்: கேட்டார்கள். 1920-களில் ஆவா என்ற இன்யூட் ஷாமன் (ஆவிகளோடு பேசும் பூசாரி), நீரில் மூழ்கிச் சாகாமல் தன்னைக் காப்பதற்காக, மார்பில் இரண்டு கைகள் தெரிய ஒரு பார்க்காவை வடிவமைத்தார். 2015-ல் லண்டன் ஃபேஷன் நிறுவனம் ஒன்று அந்தக் கைகளோடு அதே வடிவத்தை ஸ்வெட்டரில் போட்டு விற்றது. ஆவாவின் கொள்ளுப்பேத்தி வானொலியில் பேசினார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஸ்வெட்டரை விற்பனையிலிருந்து எடுத்தது.

அந்தக் கைகள் ஒரு மனிதரின் உயிர்க்காப்பு. சாமிக்குக் கட்டிய காப்பை யாரோ அச்சடித்து விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? அமௌத்தியின் வடிவத்தைக் காக்க இன்யூட் பெண்களின் அமைப்பான பௌக்டூட்டிட் உழைத்திருக்கிறது. அடுத்த முறை இப்படி ஆர்டர் வந்தால், நூல் கவுண்ட் கேட்கும் அதே மின்னஞ்சலில் இன்னொரு வரி சேருங்கள்: இந்த டிசைன் யாருடையது, அவர்களிடம் கேட்டீர்களா?