ஆற்றுக்கு விலை, மழைக்கு மதிப்பில்லை

பினாங்கு சுத்திகரிக்கும் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றுத் தண்ணீர். ஆறு பிறப்பதும் வளர்வதும் கெடாவில். அந்த வளர்ப்புச் செலவுக்காக ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கேட்டார் கெடா மந்திரி பெசார் சனூசி. பினாங்கு கையை விரித்தது. ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, எங்கள் கரையில்தான் இறைக்கிறோம் என்பது அதன் வாதம்.

இந்த இழுபறி ஒருபுறம் நடக்க, பினாங்கின் மாக் மண்டின் தொழிற்பேட்டைக் கூரைகளில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது. அதற்கு எந்த மாநிலமும் பில் அனுப்பவில்லை. அதனால்தான் யாரும் சட்டை செய்வதில்லை போலும். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பைப்பை அடைத்தபோது மட்டும் வாளிகளுக்குத் திடீர் மவுசு.

தமிழ்நாடு 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியது. நமக்குச் சட்டம்கூட வேண்டாம். வானத்துக்கும் ஒரு மந்திரி பெசார் வாய்த்து, சொட்டுக்கு இத்தனை காசு என்று நோட்டீஸ் விட்டால் போதும். மறுநாளே கூரைக்குக் கூரை தொட்டி முளைக்கும். மேகம் எந்த மாநிலத்துடையது என்று வழக்கும் முளைக்கும்.