நிரல் தெரியாதவருக்கும் பந்தியில் வேலை உண்டு

கேள்வி: லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு உதவ ஆசை. ஆனால் எனக்கு நிரல் எழுதத் தெரியாதே?
– கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: கல்யாண வீட்டில் எல்லோருமா சமைக்கிறார்கள்? கோலம் போட, சந்தனம் கொடுக்க, பந்தி பரிமாற ஆள் வேண்டாமா? 2010-இல் தன்னார்வலர்கள் கூடித் தொடங்கிய லிப்ரே ஆபிஸிலும் அப்படித்தான். பிழை கண்டால், எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தமிழ் மெனுவில் ஒரு சொல் இடறினால் நல்ல சொல்லைக் கொடுங்கள். உங்கள் திருத்தம் குறைகளோடு திரும்பி வந்தால் வாடாதீர்கள். குறை சொன்னவர் அதை முழுதாகப் படித்திருக்கிறார். மாணவிதானே என்று தயங்கவும் வேண்டாம்: 1991-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அப்போது ஹெல்சின்கியில் ஒரு மாணவர்தான். இன்றே ஒரு பிழையில் தொடங்குங்கள்!