தாமல் பெரியப்பா பதில்கள்: ரைட் சகோதரர்களுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

(உத்திரமேரூரிலிருந்து)
கே: டைம் டிராவல் கதை எழுதுகிறவர்களுக்கு விமானிகள் மேல் ஏன் இத்தனை பிரியம்?

ப: காணாமல் போவதில் விமானியை மிஞ்ச ஆள் கிடையாது. அமீலியா ஏர்ஹார்ட் 1937 ஜூலையில் பசிபிக் கடல் மேல் மறைந்தார். உடலும் இல்லை, விமானமும் இல்லை. கதாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? 1995-ல் 'ஸ்டார் டிரெக் வாயேஜர்' தொடரில் அவரை வேற்றுக்கிரகத்தில் உறைய வைத்து, நானூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து எழுப்பினார்கள். முதுகுவலி என்று அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை!

(வாலாஜாபாத்)
கே: அந்தம்மா நம்ம பக்கம் வந்ததுண்டா?

ப: கடைசிப் பயணத்தில் கராச்சி வந்தார், கல்கத்தா வந்தார், அப்படியே பர்மா பக்கம் போய்விட்டார். மெட்ராஸுக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்குள் காணவில்லை. ஃபில்டர் காபி குடிக்காததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

(காஞ்சிபுரம்)
கே: இந்த வகையில் நறுக்கென்று ஒரு கதை?

ப: 1960-ல் வந்த 'ட்வைலைட் ஜோன்' தொடரில் ரிச்சர்ட் மாதெசன் எழுதியது. 1917 யுத்தத்தில் நண்பனை அம்போவென்று விட்டு ஓடிவரும் பிரிட்டிஷ் விமானி ஒரு மேகத்துக்குள் நுழைகிறான். இறங்கினால் 1959! அந்த நண்பனோ பிழைத்துப் பெரிய அதிகாரியாகி, அன்றைக்குப் பார்த்து அங்கேயே வருகிறான். அவனைக் காப்பாற்றியது யார்? நம்ம கோழைதான், திரும்பப் போய். அரை மணியில் கதை ஓவர். நம்மவர்கள் எடுத்தால் இடைவேளை வரை மேகத்துக்குள் டூயட்.

(செங்கல்பட்டு)
கே: 1895-லேயே பம்பாய் சௌபாட்டியில் தல்பாடே விமானம் விட்டாராமே?

ப: 'ஹவாயிஸாதா' என்று 2015-ல் இந்திப் படமே வந்தது. நம்பும்படியான ஆதாரம்தான் வரவில்லை. இதோடு சேர்த்துப் பேசப்படும் வைமானிக சாஸ்திரத்தை 1974-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் அலசி, இந்த வடிவமெல்லாம் பறக்காது, நூலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எச்.ஜி.வெல்ஸின் 'டைம் மெஷின்' வெளிவந்ததும் அதே 1895. அவர் மட்டும் கதை என்று ஒத்துக்கொண்டார்.

(மதுராந்தகம்)
கே: வெல்ஸின் டைம் மெஷின் எப்படி இருக்கும்?

ப: சீட், நெம்புகோல், உட்கார்ந்தால் பயணம். ஏறக்குறைய சைக்கிள். 1903 டிசம்பர் 17-ல் 12 விநாடி பறந்த ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தான். தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் இனிமேல் மரியாதையாகப் பேசுங்கள்.

(தாமல்)
கே: உங்களுக்கு டைம் மெஷின் கிடைத்தால் எங்கே போவீர்கள், பெரியப்பா?

ப: பல்லாவரம், 1910. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரர், தானே வரைந்து, சிம்ப்ஸன் கம்பெனியில் விமானம் கட்டிப் பறந்து பார்த்த இடம். பிளேரியோ விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிம்ப்ஸன்காரர்களோ கோச்சு வண்டி கட்டுகிறவர்கள். ஓட்டல்காரர் டிராயிங்கோடு வந்து இறக்கை கேட்டபோது மேஸ்திரி முகம் எப்படிப் போயிருக்கும்! அதைப் பார்க்கத்தான் டிக்கெட். எல்லாக் கதாசிரியர்களும் ரைட் சகோதரர்கள் பறந்த கிட்டி ஹாக்குக்கே ஓடுகிறார்கள். பல்லாவரத்துக்கு மின்சார ரயிலே போகிறது.

(ஸ்ரீபெரும்புதூர்)
கே: தமிழ் ஹீரோக்கள் ஏன் அங்கெல்லாம் போவதில்லை?

ப: 'இன்று நேற்று நாளை' படத்தில் 2065-ல் செய்த மிஷின் 2015-ல் வந்து விழுகிறது. கையில் கிடைத்ததும் நம் பிள்ளைகள் தொடங்கியது தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியத் தொழில். சரித்திரத்தில் சில்லறை தேறாதே!

(அரக்கோணம்)
கே: நிஜமாகவே காலத்தில் பின்னால் போன இந்திய விமானி உண்டா?

ப: ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். வழியில் ஆமதாபாத்தில் பெட்ரோல் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில். மெட்ராஸுக்கான தபாலை நெவில் வின்ட்சென்ட் தொடர்ந்து கொண்டுவந்தார். 1982-ல், 78 வயதில், டாட்டா அதே தடத்தில் பழைய ரக விமானத்தில் மறுபடி பறந்தார். இந்த முறை மாடு வரவில்லை.

(உத்திரமேரூரிலிருந்து மறுபடி)
கே: நான் பராந்தக சோழன் காலத்து எங்கள் ஊருக்குப் போய் குடவோலைத் தேர்தலில் நின்றால் ஜெயிப்பேனா?

ப: ஓலை போடுவதற்கே தகுதி வேண்டும் தம்பி. 35-லிருந்து 70 வயதுக்குள், சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் நிலம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் அவுட். டைம் டிராவல் பண்டிதர்கள் தாத்தாவைக் கொன்றால் பேரன் எங்கே என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் கொலையெல்லாம் வேண்டாம். தாத்தா வரைக்கும்கூடப் போகவேண்டாம், அப்பா கணக்குக் காட்டாவிட்டாலே பிள்ளை காலி.

(பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)
கே: 2040-க்குப் போய் பரந்தூர் ஏர்போர்ட் வந்ததா என்று பார்க்கலாமா?

ப: 2022 ஆகஸ்டில் இடத்தை அறிவித்தார்கள், ஏகனாபுரம் போராட்டத்தில் உட்கார்ந்தது. பார்த்துவிட்டு வந்து யாரிடமும் வாய் திறக்காதீர்கள். முதலில் உடைபடுவது உங்கள் மிஷின்.

(தாமல், ஏரிக்கரை)
கே: டைம் மெஷின் நம் ஏரியில் இறங்குமா?

ப: மழை பெய்த வருஷம் என்றால் மிதவை கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வறண்ட வருஷத்துக்குச் சக்கரமே போதும். எந்த வருஷமானாலும் சனிக்கிழமை வேண்டாம், நான் ஊரில் இருக்கமாட்டேன்.