சீட்டு ஆச்சா, எவ்ளோ கட்டணும்? – ஜமுனாமரத்தூர் வீட்டுக்கு ஒரு விளக்கக் கடிதம்

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைப்பது ஒரு செய்தி. அங்கே படிக்கப் பணம் கிடைப்பது வேறொரு செய்தி. முதல் செய்தி வந்து பல வாரம் கழித்தே இரண்டாவது வருவது உண்டு, சில கல்லூரிகளில் மாதங்கூட ஆகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜவ்வாது மலையிலிருந்து வரும் "சீட்டு ஆச்சா, எவ்ளோ கட்டணும்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றைப் பதில் போகாததன் காரணம் இதுதான். விண்ணப்பதாரரின் சோம்பேறித்தனம் காரணமல்ல. (விண்ணப்பதாரர் யாரென்று பெரியம்மா கேட்க வேண்டியதில்லை.)

அந்த நாட்டில் சட்டம் என்பது பிளஸ் டூ முடித்த கையோடு படிக்கும் படிப்பல்ல. ஏதாவது ஒரு பட்டம் வாங்கிய பிறகு மூன்றாண்டு படிக்கும் ஜே.டி. அது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் ஏறத்தாழ 200. நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண் 120இல் தொடங்கி 180இல் முடிகிறது. அதாவது ஒரு கேள்விக்குக்கூடச் சரியாக விடை எழுதாதவருக்கும் 120 உண்டு. நூற்றுக்கு நூறைத் தாண்டிவிட்டதாக நினைத்துச் சித்தப்பா கடைத்தெரு முழுக்க மிட்டாய் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், இந்த விவரம் வீட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது. யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று கணக்குப் போடும் புதிர்ப் பகுதி ஒன்று அந்தத் தேர்வில் நெடுங்காலம் இருந்தது. 2024 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக் கல்யாணப் பந்தியில் பிரித்து உட்கார வைத்தே பழகிய குடும்பத்துக்கு இதனால் நேர்ந்த இழப்பு கொஞ்சமல்ல.

தமிழ்நாட்டு முறை எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கிறது, தரவரிசை போடுகிறது. பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்று இடம் பிரிகிறது. அந்த ஒரு விழுக்காட்டில் ஓர் இடம் பிடிக்க ஜாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் நடை தனிக் கதை. ஆனாலும் கட் ஆஃப் என்ன, நமக்கு முன்னால் யார், எத்தனை மதிப்பெண்ணில் போயிற்று என்பதைக் கடைசியில் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். திட்டுவதற்கு ஒரு எண்ணாவது கையில் இருக்கும்.

அமெரிக்காவில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். வர வரப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு சொல்வார்கள். எல்சாட் மதிப்பெண்ணும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் முதலில் கணக்குக்கு வரும். பிறகு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பிறகு விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் இரண்டு பக்கக் கட்டுரை. மலையில் பிறந்தவர் என்றதும் அந்தக் கட்டுரையில் மின்சாரமில்லாத வீடு, காட்டாறு, கால்நடைப் பயணம் எல்லாம் வர வேண்டும் என்று ஆலோசனை சொல்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் போனதாக எழுதியதும், அதை எடுத்துவிடலாமே என்று ஒருவர் தயவாகச் சொன்னார். எடுக்கவில்லை. பேருந்து வராத நாட்களைச் சேர்த்துச் சமாதானம் செய்யப்பட்டது.

விண்ணப்பம் போனபின் கல்லூரி ஒவ்வொன்றும் நிலை அறியும் பக்கம் ஒன்றைத் திறந்துவிடும். முதலில் "பெறப்பட்டது", அப்புறம் "முழுமையானது", அப்புறம் "பரிசீலனையில்". இந்த மூன்றாவது சொல்லில் நவம்பரில் நுழைபவர் மார்ச்சிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தின் ஓரத்தில் ஒரு தேதி இருக்கும். சில நாள் எந்தக் காரணமும் சொல்லாமல் அந்தத் தேதி மட்டும் மாறும். கோப்பை யாரோ திறந்தார்கள் என்பது ஒரு கட்சி, திறந்து மூடிவிட்டார்கள் என்பது எதிர்க்கட்சி, கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டது என்பது யாருக்கும் பிடிக்காத மூன்றாவது கட்சி. ஊரில் செய்தி இருந்தும் சிக்னல் கிடைக்காமல் பாறை மேல் ஏறி நின்று பேசிய காலம் உண்டு. இங்கே சிக்னல் நிறைய இருக்கிறது.

முடிவு நான்கு வகையில் வரும்: சேர்க்கை, மறுப்பு, நிறுத்திவைப்பு, காத்திருப்போர் பட்டியல். மறுப்புக் கடிதம்தான் எல்லாவற்றிலும் மரியாதையானது. விண்ணப்பதாரரை வானளாவப் புகழ்ந்துவிட்டுக் கடைசி வரியில் வழியனுப்பும். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர், இன்னமும் ஆர்வம் குறையவில்லை என்று அவ்வப்போது கடிதம் போட வேண்டும். வகுப்பு தொடங்கும் ஆகஸ்டு வரைகூட அழைப்பு வரலாம். வராமலும் போகலாம்.

இந்த இடத்தில் வீட்டிலிருந்து புலியூர் ஸ்ரீபதியின் பெயர் எடுக்கப்படும் என்பது தெரிந்ததே. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த அவர் 23 வயதில், பிரசவமான இரண்டு நாளில் சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது நாடே பாராட்டியது. "அந்தப் பொண்ணு பச்சப் புள்ளைய வெச்சிக்கிட்டு பரீட்ச எழுதிச்சி, உனக்கு இன்னா?" என்ற கேள்வி நியாயமானது. வெந்நீரும் ஹீட்டரும் உள்ள அறையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை அதன் பக்கத்தில் வைக்க விண்ணப்பதாரருக்கே கூச்சம்.

இனி பணம். கல்லூரிகள் அறிவிக்கும் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டும். சாப்பாடும் வாடகையும் தனி. ஆனால் அந்தத் தொகையை எல்லோரும் கட்டுவதில்லை. ஒரே வகுப்பில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரும் இருவரில் ஒருவர் முழுக் கட்டணமும் கட்டியும் மற்றவர் ஒரு காசும் கட்டாமலும் படிக்கலாம். எத்தனை பேருக்குப் பாதிக் கட்டணச் சலுகை, எத்தனை பேருக்கு முழுச் சலுகை என்ற விவரத்தை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் டிசம்பரில் வெளியிட வேண்டும். வழக்கறிஞர் சங்க விதியின் எண்ணைக் கொண்டு இதை 509 அறிக்கை என்கிறார்கள். அதில் நிபந்தனை உதவித்தொகைக்கு ஒரு பகுதி உண்டு; கவனித்துப் படிக்க வேண்டியது அதைத்தான். முதலாண்டில் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தால்தான் பணம் தொடரும் என்பது நிபந்தனை. வகுப்பில் இத்தனை பேருக்கு மேல் உயர்ந்த மதிப்பெண் போடக் கூடாது என்பது அங்குள்ள மதிப்பீட்டு வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எல்லோரும் நன்றாகப் படித்தாலும் சிலர் உதவியை இழக்க நேரலாம்.

பணம் யாருக்குப் போகிறது என்பது இன்னொன்று. கல்லூரிகளுக்குத் தரவரிசை போடும் பத்திரிகை, சேர்ந்த மாணவர்களின் நடு எல்சாட் மதிப்பெண்ணைப் பார்க்கும். அந்த நடுவை உயர்த்தும் மாணவரை இழுக்கக் கல்லூரி பணம் தருகிறது. தனிப் பயிற்சிக்குச் செலவழிக்க முடிந்தவருக்கு மதிப்பெண் கூடுகிறது, மதிப்பெண் கூடியவருக்குச் சலுகை கூடுகிறது. கடைசியில் முழுக் கட்டணமும் கடன் வாங்கிக் கட்டுபவர் பெரும்பாலும் வசதி குறைந்தவர். 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் இந்தத் தரவரிசையிலிருந்து விலகியதற்கு, தேவைப்படுவோருக்கு உதவும் கல்லூரியை அது தண்டிக்கிறது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த இரண்டும் ஸ்டான்ஃபோர்டும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை, குடும்ப நிலையைப் பார்த்தே தருகின்றன.

குடும்ப நிலையைப் பார்க்க ஒரு படிவம் இருக்கிறது. விண்ணப்பதாரர் தானே சம்பாதித்து வரி கட்டுபவராக இருந்தாலும், குறிப்பிட்ட வயதைத் தாண்டும்வரை பெற்றோரின் சொத்தையும் வருமானத்தையும் எழுதச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. அவற்றுள் பெயர் சொல்ல வேண்டாத ஒன்றின் படிவம், பெற்றோரின் வீடு எந்த ஆண்டு வாங்கப்பட்டது, என்ன விலைக்கு என்று தொடங்குகிறது. வீடு வாங்கப்படவில்லை, தாத்தா கட்டினார். எந்த ஆண்டு என்று வீட்டில் விசாரித்ததில், பெரிய அத்தை வயசுக்கு வந்த வருஷம் என்று ஏகமனதாகப் பதில் வந்தது. கட்டம் நான்கு இலக்கம் கேட்கிறது.

அடுத்தது நிலம், அதன் இன்றைய விற்பனை மதிப்பு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை தரலாம். அது வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. விற்க முடியாததற்கு விற்பனை மதிப்பு பூஜ்யம் என்று எழுதப்பட்டது. நிலம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள், மதிப்பைத் தரவும் என்று கட்டம் சிவந்தது. நிலம் இல்லை என்று மாற்றியதும், அப்படியானால் விவசாய வருமானம் எங்கிருந்து என்று அடுத்த கட்டம் சிவந்தது. சட்டப் பிரிவின் எண்ணோடு விளக்கம் எழுதி அனுப்பியதற்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. கூடவே, நிலத்தரகர் ஒருவரின் மதிப்பீட்டை இணைக்குமாறு வேண்டுகோளும் வந்தது.

விவசாயத்துக்குத் தனி இணைப்பு. சாமை எத்தனை மூட்டை விளைந்தது, எத்தனை விற்றது? வீட்டுக்கு எடுத்து வைத்தது வருமானமா செலவா? ஆடுகள் எத்தனை? ஆண்டின் எந்த நாள் கணக்கு என்று படிவம் சொல்லவில்லை; திருவிழாவுக்கு முன்பும் பின்பும் ஒரே எண் வராது. பலாமரம் உற்பத்திச் சொத்தா? அதில் பாதியைக் குரங்கு தின்பது தேய்மானத்தில் சேருமா? மலைத்தேன் விற்பதைவிடச் சும்மா கொடுப்பது அதிகம், ஆகவே அறக்கொடை என்ற கட்டத்தில் போடப்பட்டது. அதற்கு ரசீது கேட்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு சிவப்பு வரி: குடும்பத்தின் ஆண்டுச் செலவு வருமானத்தைவிட அதிகமாக உள்ளது, எப்படி என்று விளக்குக. மலையில் யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

படிவம் நிரப்பிய இரவில் படிவம் கேட்காத ஒரு கணக்கும் போடப்பட்டது, மரத்தடியில் உட்கார்ந்து பலாச்சுளை தின்று எத்தனை ஆண்டாயிற்று என்று. இங்கே டின்னில் அடைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து விற்கிறார்கள். அதற்குப் பலா என்று பெயர் போட்டதற்காக வழக்குப் போடவாவது ஒருவர் சட்டம் படித்துத்தான் ஆக வேண்டும்.

கடன் பற்றி மாமா கேட்டிருந்தார். அமெரிக்க அரசின் கல்விக் கடன் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்கள் போன்றோருக்கும் மட்டுமே. 2025இல் வந்த சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று அதற்கும் வரம்பு போட்டுவிட்டது. வெளிநாட்டவருக்கு இந்த வழி இல்லை. அது மட்டுமல்ல, முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் மாணவர் விசாவுக்கான ஆவணமே கிடைக்கும். இந்திய வங்கிகள் வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் கடன் கொடுக்கச் சொத்து அடமானம் கேட்கும். வன உரிமை நிலத்தை அடமானம் வைக்க முடியாது. ஆக, உதவி கேட்கும்போது சொத்து என்று எண்ணப்படும் அதே நிலம், கடன் கேட்கும்போது சொத்து இல்லை. மத்திய பழங்குடியினர் அமைச்சகத்தின் வெளிநாட்டுக் கல்வி உதவி நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 பேருக்கு. அது முதுநிலைக்கும் அதற்கு மேற்பட்ட ஆய்வுக்கும் உரியது, ஜே.டி. முதல் சட்டப் பட்டம் என்பதால் அதில் பொருத்துவது கடினம்.

மிச்சமிருப்பது பேரம். ஒரு கல்லூரி தருவதாகச் சொன்ன தொகையை இன்னொரு கல்லூரிக்குக் காட்டி, நீங்கள் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று எழுதிக் கேட்கலாம். இதற்கு மறுபரிசீலனை விண்ணப்பம் என்று கௌரவமான பெயர் உண்டு. நடப்பது என்னவோ சந்தையில் புளிக்கு விலை பேசுவதுதான். பக்கத்து வியாபாரி சொன்ன விலையை மட்டும் எழுத்தில் காட்ட வேண்டும். சட்டப் படிப்புக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல தேர்வு இருக்க முடியாது. பாட்டி எழுதியிருந்தால் முழுச் சலுகையோடு வழிச்செலவும் வாங்கியிருப்பார்.

இன்றைய நிலவரம்: ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது, பணம் பற்றிப் பேசவில்லை. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. மற்றவை பரிசீலனையில். இடத்தை உறுதிசெய்யும் முன்பணம் சில நூறு டாலர், ஏப்ரல், மே வாக்கில் கட்ட வேண்டும், பெரும்பாலும் திரும்ப வராது. அதற்குள் ஊரிலிருந்து வர வேண்டியவை: வட்டாட்சியரின் வருமானச் சான்று, வன உரிமைப் பட்டாவின் தெளிவான நகல் (சித்தப்பா செல்போனில் எடுத்ததில் கட்டைவிரல் மட்டும் தெரிகிறது), மார்ச் 31 அன்று உள்ளபடி ஆடுகளின் எண்ணிக்கை. தேன் வாங்கிப்போனவர்கள் யாராவது ரசீதில் கையெழுத்துப் போடச் சம்மதித்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம்.