வரிகளின் முன்பின் முறை: தூத்துக்குடிக் கரையோரச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

தரவுத்தளத்தில் உள்ள ஓர் அட்டவணையைக் கேட்டால் அதன் வரிகள் எந்த வரிசையில் வரும்? 'எந்த வரிசையிலும் வரலாம்' என்பர் நூல் கற்றோர். 'நேத்து வந்த மாதிரிதான் வரும்' என்பர் தூத்துக்குடி ஆபீஸ்களில் பட்டியல் எடுப்போர். இவ்விரு கொள்கைகளையும் சீர்தூக்க இக்கட்டுரை புகுகிறது. முடிவை முதலிலேயே சொல்வது ஆய்வு மரபன்று. எனினும் அவசரக்காரர்களுக்காக: முன்னது சரி, பின்னதே வழக்கில் உள்ளது.

முதற்கண் மூலநூல். 1970ல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் தொடர்புசார் தரவுத்தளத்துக்கு இலக்கணம் வகுத்தபோதே, வரிகளின் முன்பின் முறைக்குப் பொருளில்லை என்று எழுதிவிட்டார். அட்டவணை என்பது ஒரு கணம். கணத்துக்குள் மூத்தவர் இளையவர் கிடையாது. வரிசை வேண்டுவோர் வினவலின் கடைசியில் 'ஆர்டர் பை' என்று எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இது பாடநூலில் இருக்கிறது. அங்கேயே பத்திரமாக இருக்கிறது.

அடுத்துக் களச்சான்று. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் (ஆய்வு அறம் கருதிப் பெயர் தவிர்க்கப்படுகிறது) தினமும் காலையில் கன்டெய்னர் லாரிகளின் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். வினவலில் ஆர்டர் பை இல்லை. ஆயினும் பதிந்த முறையிலேயே மாதக்கணக்கில் வந்ததால், மேலே இருப்பவருக்கே முதல் லோடு என்று ஒரு சம்பிரதாயம் உண்டாகிவிட்டது. ஒருநாள் ஒரு டிரைவரின் போன் நம்பரில் ஓர் இலக்கத்தைத் திருத்தினார்கள். மறுநாள் அந்த லாரி பட்டியலின் அடியில் கிடந்தது.

"நேத்து வரை மூணாவதா இருந்தேன். இன்னைக்கு எப்படிடே கடைசிக்குப் போனேன்?"

"யாரும் இறக்கல அண்ணாச்சி. அதுவா இறங்கிட்டு."

"அதுவா இறங்குறதுக்கு அது என்ன கடல் தண்ணியாடே?"

அண்ணாச்சியின் வினா அடிப்படையானது. விடை தந்தாக வேண்டும். அங்கே இருந்தது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள். அது ஒரு வரியைத் திருத்தும்போது பழையதை அழித்து அதன்மேல் எழுதுவதில்லை. புதுப் பிரதி ஒன்றை இடமிருக்கும் பக்கத்தில் எழுதிவிட்டுப் பழையதைச் செத்ததாகக் குறித்துக்கொள்கிறது. பிறகு துப்புரவு நடந்து செத்த வரியின் இடம் காலியானால், நேற்று வந்த புதுவரி ஒன்று நடுவிலேயே போய் உட்காரும். இதுவும் போதாதென்று, 2008ல் வந்த 8.3 பதிப்பு முதல் இருவர் ஒரே நேரத்தில் ஒரு பெரிய அட்டவணையைப் படித்தால், பின்னால் வந்தவர் முன்னவர் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே சேர்ந்துகொண்டு, விட்டுப்போன தலைப்பகுதியைக் கடைசியில் படிக்கிறார். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

சரி, ஆர்டர் பை போட்டாயிற்று. சிக்கல் தீர்ந்ததா? இங்கேதான் முத்து வணிகர் நமக்கு ஆசான். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. மன்னார் வளைகுடா முத்து வியாபாரத்தில் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. முதல் சல்லடையில் தங்கியது பெருமுத்து. வடிந்தது அடுத்ததற்குப் போகும். சிப்பிக்குள் இல்லாத வரிசையைப் பித்தளை கொடுத்தது. ஆனால் ஒரே சல்லடையில் தங்கிய முத்துகளுக்குள் எது முந்தி? சல்லடைக்குத் தெரியாது. ஆகவே உருட்சி, ஒளி என்று அடுத்தடுத்துப் பார்த்துத் தரம் பிரித்தார்கள், குறையற்றது ஆணிமுத்து. தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்திவிட்டு, ஒரே தேதியில் வந்த நாற்பது கன்டெய்னர்கள் ஏன் இடம் மாறுகின்றன என்று திகைப்போர் இரண்டாம் சல்லடை வாங்காதவர்கள்.

தேதியே இல்லாத வரியின் நிலை வேறு. ஏறுவரிசையில் மைஎஸ்கியூஎல் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருள் அதை உச்சியில் வைக்கும். போஸ்ட்கிரெஸ் அடியில் தள்ளும். வராத கப்பலுக்கு முதல் மரியாதை தருவது முன்னதன் மரபு.

பெயர்வாரியாக அடுக்குவோரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கரையோர ஊர்களை மணப்பாடு, மரிச்சுக்கட்டி, மன்னார் என்று அடுக்குவது நம் அகராதி முறை. 'ன' பதினெட்டாம் மெய். ஆனால் யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் மன்னார் முந்திக்கொண்டு மரிச்சுக்கட்டிக்கு மேலே ஏறிவிடும். இந்திய எழுத்துகளை எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்போய், 'ன'வை 'ந'வுக்கு அடுத்த வீட்டில் குடிவைத்ததன் விளைவு. தமிழுக்குரிய வரிசை விதியை வெளிப்படையாகச் சொன்னால் சரியாகும். யார் சொல்கிறார்கள்?

வரிசையே வேண்டாம் என்ற இடமும் இந்தக் கடலோரம் உண்டு. நூறாண்டுக்கு முன் அக்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில், ஒவ்வொரு படகின் சிப்பியையும் குளித்தவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அவர்களுக்கு உரியது ஒன்று, அரசுக்கு இரண்டு. எது யாருக்கென்று அரசு ஆள் பிறகுதான் காட்டுவார். தனக்கு எது வருமென்று தெரியாததால் மூன்றும் சமமாகவே விழும். ஆர்டர் பை எழுதாமல் விடுவோர் இந்த நீதியைத் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கக்கூடும். செல்லாது. எழுதாமல் விட்டால் கிடைப்பது திருவுளச்சீட்டும் அல்ல. யார் போன் நம்பரைத் திருத்தினார்கள் என்பதன் எச்சம். குலுக்கல்தான் வேண்டுமென்றாலும் 'ஆர்டர் பை ரேண்டம்' என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும், அடைப்புக்குறி சேர்த்து.