பழைய போனுக்கு ஒரு புது உத்தியோகம்

ஏப்பா அப்புனு, கடனை உடனை வாங்கிக் கேமரா வாங்கியாச்சு. தவணையும் கட்ட ஆரம்பிச்சாச்சு. இப்ப அதுக்கு மேல மாட்டறதுக்கு ஒரு மானிட்டர் வேணும்னு உங்கப்பனைப் பொட்டாட்ட உக்கார உடாம அரிக்கறயாமா? தென்னைக்கு உரம் வெக்கறதுக்கு அவன் காசு எடுத்து வெச்சிருக்கறான்னு உனக்கு எவன் சொன்னது?

சரி, உடு. நீ கெட்டிக்காரன். கொமரலிங்கம், கொழுமம், மடத்துக்குளம்னு எந்தப் பக்கம் முகூர்த்தம்னாலும் உன்ற கேமராதான் முன்னால நிக்குது. பின்னாடி இருக்கற மூணு இஞ்ச் கண்ணாடியில மூக்கை ஒட்ட வெச்சுக்கிட்டு நீ படற பாட்டையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். ஃபோகஸ் மாப்பிள்ளை மேல உளுந்துதா, பின்னாடி பல்லு குத்திக்கிட்டு நிக்கற மச்சான் மேல உளுந்துதான்னு ஊட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் உனக்கே தெரியுது. போன தை மாசத்துக் கல்யாண வீடியோவுல அந்த மச்சான் நெம்பத் தெளிவா இருந்தான். ரெண்டு பொண்ணு ஊட்டுக்காரங்க அவன் ஜாதகத்தையே கேட்டாங்களாமா!

பெரிய திரை வேணுங்கறது நாயந்தான். அதுக்கு எதுக்கு உரக்காசு? உங்க ஊட்டு அட்டாலியில ஏறிப் பாரு. உங்கக்கா கட்டிக்கிட்டுப் போறப்ப உட்டுப்போட்டுப் போன போன் ஒண்ணு கெடக்கும். கொரோனா காலத்துல ஆன்லைன் கிளாஸுக்குன்னு உன்ற தம்பிக்கு வாங்கின டேப் ஒண்ணு கெடக்கும். அதுல அவன் படிச்ச படிப்பு ஊருக்கே தெரியும். ரெண்டையும் தொடச்சு எடு. அதுகளும் இனி ஒரு உத்தியோகம் பாக்கட்டும்.

போன் எப்படிங் பெரிப்பா மானிட்டர் ஆகும்னு இளிக்காதே. படம் புடிக்கறவன் கண்ணுக்கு வெளிய இன்னொரு திரையை வெச்சுப் பாக்கறது நேத்து வந்த யோசனையில்ல. நம்ம கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவுல ஸ்ரீராமுலு நாயுடு 'மலைக்கள்ளன்' எடுத்தாரே, 1954ல வந்த படம். அந்தக் காலத்துல ஷாட் எப்படி வந்துதுன்னு கேமரா வழியாப் பாக்கறவனுக்குத்தான் தெரியும். பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வர்ற வரைக்கும் மத்தவங்க அவன் மூஞ்சியைப் பாத்துத்தான் சமாதானமாகோணும். பொறவு 1960ல அமெரிக்காவுல ஜெர்ரி லூயிஸ்னு ஒரு காமெடி நடிகரு 'தி பெல்பாய்'னு ஒரு படத்தை அவரே இயக்கி அவரே நடிச்சாரு. தான் நடிக்கறதைத் தானே பாக்கோணுமே, என்ன பண்ணுவாரு? சினிமாக் கேமராவோட ஒரு வீடியோ கேமராவையும் சேத்து மாட்டி, டி.வி.யில போட்டுப் பாத்தாரு. இன்னைக்கு டைரக்டருங்க குடை நெழல்ல குந்திக்கிட்டுப் பாக்கறாங்களே மானிட்டர், அது அந்த வழியில வந்ததுதான்.

இப்ப உன்ற சோலிக்கு வர்றேன். உடுமலைக்குப் போயி ஒரு மொனையில ஹெச்.டி.எம்.ஐ.யும் மறு மொனையில டைப்-சியும் இருக்கற ஒயர் ஒண்ணு வாங்கிட்டு வந்தயாமா. கேமராவுல ஒரு மொனை, போன்ல ஒரு மொனை சொருகிப்போட்டு, படம் வரலைங், போன் செத்துப்போச்சுங்னு அழுதயாமா. போன் சாகலை சாமி. கேமராவுல இருக்கற ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை படத்தை வெளிய தள்ளறது. போன்ல இருக்கற டைப்-சி ஓட்டைக்கும் படத்தை டி.வி.க்கு வெளிய தள்ளத்தான் தெரியும். ரெண்டு மடையையும் எதிரெதுக்கத் தொறந்து உட்டா எந்த வயலுக்குத் தண்ணி பாயும்? அமராவதி வாய்க்கால்ல குதிச்சு வளந்த பயலுக்கு இதையெல்லாம் நான் சொல்லோணுமா?

நடுவுல கேப்ச்சர் கார்டுன்னு ஒண்ணு வேணும். கட்டை வெரல் அளவு இருக்கும், ஆயிரம் ரூபாய்க்குள்ளயே ஆப்புடும். கேமராப் படத்தை அது வாங்கி, வெப்கேம் படம்னு சொல்லிப் போனுக்குக் குடுக்கும். அதுக்கு யு.வி.சி.ன்னு ஒரு பொது மொறை இருக்குது; போனும் பேசாம நம்பிப்போடும். ஆண்ட்ராய்டு போன்ல, யு.எஸ்.பி. சாமானைச் சொருகினா ஏத்துக்கற ஓ.டி.ஜி. வசதி இருக்கோணும், யு.எஸ்.பி. கேமராவைக் காட்டற ஆப் ஒண்ணு ஏத்திக்கோணும். ஐபேடுன்னா டைப்-சி ஓட்டை இருக்கறதாப் பாத்துக்கோ. 2023ல வந்த ஐபேட்ஓஎஸ் 17ல இருந்துதான் அதுக்கு இந்த வித்தை தெரியும். ஐபோன்காரங்களுக்கு இந்தக் கட்டை வெரல் சரிப்பட்டு வராது; அதுக்குன்னு தனிப் பெட்டி விக்கறான், வெலையும் அந்தஸ்துக்குத் தக்கன இருக்கும். சோனிக்காரன் 2021ல எக்ஸ்பீரியா புரோன்னு ஒரு போனு உட்டான். படத்தை உள்ள வாங்கற ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டையே அதுல இருக்குது. வந்தப்ப அதோட வெலை 2,500 டாலர். உங்கப்பன் காதுல இதைப் போட்டறாதே, கட்டுத்தறியில இருக்கற மாட்டை ஒளிச்சு வெக்கப் போறான்.

கார்டு மேல 4கேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். மலிவுக் கார்டுல 4கே உள்ள போகும், 1080தான் வெளிய வரும். பரவால்ல, பாக்கறதுக்கு அது தாராளம். கேமரா மெனுவுலயும் ஹெச்.டி.எம்.ஐ.யை 1080க்கு வெச்சுக்கோ. பேட்டரிக் கணக்கு, ஷட்டர் கணக்கெல்லாம் படத்து மேல வந்து குந்தாம இருக்க, ஹெச்.டி.எம்.ஐ. இன்ஃபோங்கறதை அணைச்சுப்போடு. பதிவு மட்டும் கேமராவுல இருக்கற மெமரி கார்டுலயே ஆகோணும். போன்லயே பதிஞ்சுக்கலாம்னு கஞ்சத்தனம் பண்ணி ஒரு குடும்பத்தோட கல்யாணத்தையே காவு குடுத்தறாதே.

அடுத்தது போனுக்குப் புத்தி சொல்றது. முதல்ல ஏரோப்ளேன் மோடு. தாலி கட்டற நேரம் பாத்து, லோன் வேணுமா சார்னு ஒருத்தி கூப்புடுவா. மாப்பிள்ளை மூஞ்சி இருந்த எடத்துல பச்சைப் பொத்தானும் சேப்புப் பொத்தானும் நிக்கும். அப்பறம் தானா வெளிச்சம் கூட்டிக் கொறைக்கறது, கண்ணுக்குக் குளிர்ச்சின்னு திரையை மஞ்சளாக்கறது, கலரைத் தூக்கிக் காட்டற விவிட் மோடு, இது மூணையும் அணை. இல்லாட்டி பொண்ணு மூஞ்சியில அரைச்சு வெச்ச மஞ்சள் கேமராவுல இருக்குதா, போன்ல இருக்குதான்னு உனக்கே தெரியாது.

வெளிச்சம் சரியா இருக்குதான்னு போன் திரையைக் கண்ணால பாத்து முடிவு பண்ணாதே. திரை பொய் சொல்லும், கண்ணு அதைவிடச் சொல்லும். வெளிச்சத்தைக் கணக்காக் காட்டற ஹிஸ்டோகிராம், ஜீப்ராங்கற வசதி இருக்கற ஆப்பாப் பாத்துப் போடு. நம்ம கல்யாணத்துல கூரைப்பொடவை, வெள்ளை வேட்டி, பட்டுக்கரை, நகை அத்தனையும் ஒரே மேடையில நிக்குது. தலைக்கு மேல எல்.ஈ.டி. வெளிச்சம். வெளிச்சம் மிஞ்சின எடத்துல ஜீப்ரா கோடு கோடா ஓடும். மாமனார் வேட்டி முச்சூடும் கோடு ஓடுச்சுன்னா அப்பர்ச்சரைச் சித்தக் கொறை. வெளுத்துப்போன வேட்டியில மடிப்பைத் திருப்பிக் கொண்டார எந்த எடிட்டராலயும் ஆகாது. ஃபோகஸ் பீக்கிங்னு ஒண்ணு இருக்கும். தெளிவா இருக்கற ஓரத்துல சேப்புக் கோடு காட்டும். பல்லு குத்தற மச்சான் மேல சேப்பு தெரிஞ்சா, அவன் யோகம் இன்னும் உடலைன்னு அர்த்தம்.

பகல்ல வெளிய எடுக்கறப்ப போன் திரை கண்ணாடியாட்டம் உன்ற மூஞ்சியையே காட்டும். வெளியில எடுக்கறதுக்குன்னே விக்கற மானிட்டருக்கு ஆயிரம் நிட்ஸும் அதுக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும். போன்ல அம்புட்டு வெளிச்சம் இருந்தாலும், சூடேறினா அதுவே மங்கிக்கும். அதுக்குக் கடையில வெயிலை மறைக்கற ஹூட் வாங்க ஓடாதே. திருப்பூர் பனியன் வேஸ்ட்டை ஊரு முச்சூடும் வண்டி தொடைக்க வாங்கறாங்க. நீ அதுல கறுப்பாப் பாத்து ஒரு துண்டு எடுத்துக்கோ. பனியன் கம்பெனி அட்டைப்பெட்டியை மூணு பக்கம் நிக்கறாப்பல வெட்டி, உள்ள அந்தத் துணியை ஒட்டு. முடிஞ்சுது ஹூட். பின்னால சித்தக் காத்துப் போக எடம் உடு, போன் வேகாம இருக்கும்.

கேமராவுல இருக்கற ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை பெரும்பாலும் மைக்ரோ. பூனை மூக்களவுதான் இருக்கும். ஒயர்ல எவனாச்சும் காலை மாட்டினா ஓட்டையே பேந்துக்கும், பொறவு போர்டுக்கே செலவு. ஒயரைக் கேமரா ஒடம்போட ஒரு கட்டுப் போட்டுக் கட்டு. கேப்ச்சர் கார்டு கரண்டை உறிஞ்சறது போன்ல இருந்துதான், அதனால சார்ஜ் ஏத்திக்கிட்டே படமும் வாங்கற ஹப் ஒண்ணு வெச்சுக்கோ. ஒயரே வேண்டாம்னா, கேனனுக்குக் கேமரா கனெக்ட், நிகானுக்கு ஸ்னாப்பிரிட்ஜ், சோனிக்குக் கிரியேட்டர்ஸ் ஆப்னு கம்பெனிக்காரனே சும்மா குடுக்கறான். ஏரோப்ளேன் மோடுலயே வைஃபையை மட்டும் போட்டுக்கோ. ஆனா மண்டபத்துல எறநூறு போனும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கத்திக்கிட்டு இருக்கும். கேமராவுல 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா அதுக்கு மாறு. அப்பவும் படம் சித்தப் பின்தங்கித்தான் வரும். கெட்டிமேளம் காதுல கேட்டுப்போடும், திரையில தாலி இன்னும் மாப்பிள்ளை கையில இருக்கும். அதைப் பாத்து ஃபோகஸ் திருப்பினா தோத்துப்போவ. ஒரே எடத்துல நிக்கற கேமராவுக்கு வைஃபை, ஓடிப் புடிக்கற கேமராவுக்கு ஒயர்னு வெச்சுக்கோ.

எல்லாத்துக்கும் மேல, டேப்பை ஒறம்பரை கண்ணுல காட்டாதே. மேடை ஓரத்துல நீ அதை நிறுத்தி வெச்சா, அடுத்த நிமிசம் உனக்குப் பத்து டைரக்டரு. பெரியத்தை வந்து, எனக்குத் தாடை ரெண்டாத் தெரியுது, கேமராவை மேல தூக்குங்கும். சித்தப்பன் ஒருத்தன், சூம் பண்ணு சூம் பண்ணும்பான். அரை டவுசர் போட்ட பொடியன் ஒருத்தன் பேசாம வந்து திரையைத் தேய்ப்பான். இணைச்சீர்ச் சடங்கு நடந்துக்கிட்டு இருக்கற எடத்துல அவனுக்குக் கார்ட்டூன் வேணும். அவனை அதட்டினா அவங்காத்தா உன்னையத் திட்டும், அதும் வீடியோவுல பதியும்.

இத்தனையும் உனக்கு எதுக்குச் சொல்றேன்னு நெனைக்கற? உன்ற படம் நல்லா வரோணும்னா? அதும் வரட்டும், யாரு வேண்டாங்கறது! ஆனா என்ற வெசனம் வேற.

நம்ம கொங்குநாட்டுக் கல்யாணம் எப்படி நடக்குது, யோசிச்சுப் பாரு. அருமைக்காரரு நின்னு சீர் நடத்துவாரு. மாப்பிள்ளையோட பொறந்தவ இணைச்சீருக்கு வந்து நிப்பா. குடிமகன் மங்கல வாழ்த்துச் சொல்லுவாரு. கம்பர் பாடிக் குடுத்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இதையெல்லாம் கண்ணால பாக்கோணும்னுதான் வெடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, தண்ணி வாத்துக்கிட்டுப் பஸ் புடிச்சு வர்றோம். வந்து பாத்தா, எதுத்தாப்பல உன்ற முதுகு. பக்கத்துல போட்டோக்காரன் முதுகு. அதுக்கும் பக்கத்துல லைட்டுப் புடிக்கறவன் முதுகு. தாலி கட்டறதை மண்டபத்து டி.வி.யில பாத்துக்கோணும். அட்சதையைத் தூக்கிப் போட்டா முச்சூடும் உன்ற தலையில உளுகுது. அந்தக் கணக்குக்கு உனக்கு இந்நேரம் நூறு கல்யாணம் ஆகியிருக்கோணும். ஒண்ணுகூட அமையலைன்னு உங்காத்தா கோயல் கோயலாச் சுத்தறா.

பின்னாடிக் கண்ணாடியில மூக்கை ஒட்ட வெச்சுக்கிட்டாத்தான் படம் தெரியுங்கறதாலதானே நீ நடுவுல வந்து நிக்கற? இனி அந்தச் சாக்கு செல்லாது. கேமராவை ஸ்டாண்டுல மேடை மூலையில தாழ நிறுத்து. மூணு மீட்டர் ஒயரை ஓரமா இழுத்துப் போனை மடியில வெச்சுக்கிட்டுத் தரையில குந்து. கூட்டத்துக்கு மேல எடுக்கோணும்னா மோனோபாடு கம்பை ஓரமா நின்னு ஒசத்திப் புடி. போனை இடுப்பொசரத்துல கிளாம்ப்ல மாட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு பாரு. படமும் வரும், வழியும் கெடைக்கும். மானிட்டர் இருக்கறது நீ படம் பாக்கறதுக்கு மட்டுமில்ல அப்புனு, நாங்க கல்யாணம் பாக்கறதுக்கும் சேத்தித்தான்.

கல்யாண ஊட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தைங்க. கேமராக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கறப்ப டிரோன் உண்டா, ஆல்பம் எத்தனை பக்கம்னு கேக்கறதெல்லாம் இருக்கட்டும். அதுக்கு முந்தி, முகூர்த்த நேரத்துல நீ எங்கப்பா நிப்பேன்னு கேளுங்க. ஓரமாக் குந்திக்கிட்டுப் போன்ல பாத்துக்கறேனுங்கன்னு எவன் சொல்றானோ, அவனுக்கு ஆயிரம் ரூபா சேத்தியே குடுங்க. பொண்ணு இருந்தாலும் குடுக்கலாம்.