மணியோசை எட்டாத ஊரின் கொக்னிகள்

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த பலரைப் போல நானும் ஈஸ்ட் ஹாமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அங்கே கைகொடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் 'ஹவுஸ்' என்பதை 'அவுஸ்' என்றார்கள். 'திங்க்' என்பது 'ஃபிங்க்' ஆயிற்று. 'வாட்டர்' என்னும்போது நடு எழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது. படிக்கட்டைச் சொல்ல, அதன் ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்துப்போகும் 'ஆப்பிள்ஸ் அண்ட் பெயர்ஸ்' என்றார்கள். விடியற்காலையில் சந்தைக்குப் போகும் வழியில் சிகரெட் வாங்க வரும் காய்கறி வியாபாரி ஒருவர்தான் எனக்கு விளக்கம் சொன்னார். தான் ஒரு கொக்னி என்று சொல்லும்போது அவர் குரல் நிமிர்ந்தது. லண்டன் சீப்சைடில் உள்ள சென்ட் மேரி-லெ-போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவரே கொக்னி என்பது வழக்கு.

அந்தச் சொல் பெருமைக்குரியதாகப் பிறக்கவில்லை என்பது எனக்குப் பின்னர் படித்துத் தெரிந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குச் 'சேவல் முட்டை' என்று பொருள். சிறுத்துக் கோணிப்போன முட்டையை அப்படிச் சொன்னார்கள். லாங்லண்டின் 'பியர்ஸ் பிளவ்மன்' நூலில் அது முட்டைதான். சோசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலிலோ துணிவில்லாத ஆண்மகனைக் குறிக்கும் ஏச்சு. செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. 16ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புறத்தார் அதை நகரவாசிகள் மேல் எறிந்தார்கள்: வெயில் மழை அறியாதவர்கள், ஏர் பிடிக்கத் தெரியாதவர்கள் என்று. 1600 அளவில் அது லண்டன்காரருக்கே உரியதாகி, போ தேவாலய மணியோடு சேர்ந்துகொண்டது. 1617இல் அகராதி தொகுத்த ஜான் மின்ஷூ ஒரு கதை சொல்கிறார். முதன்முதலாக நாட்டுப்புறம் போன நகரத்துப் பையன் குதிரை கனைப்பதைக் கேட்டான். பிறகு சேவல் கூவியதும், சேவலும் கனைக்குமா என்று தகப்பனிடம் கேட்டானாம். சொற்பிறப்பாக இந்தக் கதை செல்லாது. ஆனால் நகரத்தாரைப் பற்றி அன்று என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்ற நகரத்தாரும் தப்பவில்லை. நகரவாசி என்பதன் சுருக்கமான 'சிட்' என்ற சொல்லுக்கு, 1755இல் வெளியான ஜான்சனின் அகராதி இகழ்ச்சிப் பொருளையே தருகிறது. பேர்மிங்ஹாமின் உள்ளூர் வழக்கு 'பிரம்மஜம்'. 17ஆம் நூற்றாண்டில் அங்கே அடிக்கப்பட்ட கள்ள நாணயங்களால் அது மலிவான போலிச் சரக்குக்குப் பெயராயிற்று. இன்று அந்த ஊர்க்காரர் தம்மை 'பிரம்மி' என்பது அதிலிருந்து வந்ததே. லிவர்பூல்காரரின் 'ஸ்கவுசர்', இறைச்சியையும் கப்பல் பிஸ்கட்டையும் போட்டு மாலுமிகள் கொதிக்கவைத்த 'லொப்ஸ்கவுஸ்' என்ற ஏழைச் சாப்பாட்டிலிருந்து வந்தது. யாரோ ஏளனமாகச் சொன்னதை அந்தந்த ஊர் உழைப்பாளிகள் எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். லண்டனில் அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்தவர் ஹென்றி கிராஃப்ட். அநாதை இல்லத்தில் வளர்ந்து தெருக் கூட்டிய அவர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடை முழுவதும் முத்துச்சிப்பிப் பொத்தான்களைத் தைத்து அணிந்து ஏழைகளுக்காக நிதி திரட்டினார். அவர் வழியில் வந்த 'முத்து ராஜாக்கள்' இன்றும் இருக்கிறார்கள்.

மணியோசை விதியைக் கறாராகப் பிடித்தால் என்ன ஆகும்? 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்தத் தேவாலயம் எரிந்து மணிகள் விழுந்தன. புதிய மணிகள் ஒலித்தது 1961இல். இடையில் பிறந்த இருபது வருடத்துப் பிள்ளைகளை யாரும் கொக்னி இல்லையென்று தள்ளவில்லை. ஈஸ்ட் ஹாமும் சீப்சைடிலிருந்து ஆறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்த வியாபாரி அங்கேதான் பிறந்தவர். அவரைக் கொக்னி ஆக்கியது அந்தத் தெருக்களும் சந்தையும் பேச்சும்.

இன்று அந்த வியாபாரியின் தலைமுறையில் பலர் எசெக்ஸ் பக்கம், ரொம்ஃபர்டுக்கும் பேசில்டனுக்கும் போய்விட்டார்கள். பழைய கொக்னிப் பேச்சை அங்கேதான் அதிகம் கேட்கலாம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சேலைக் கடைகளும் தோசைக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. முருகன் கோயில் கோபுரம் எழுந்து நிற்கிறது. அங்கே வளரும் பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கரீபிய, ஆப்பிரிக்க, தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து உருவாக்கினார்கள். மொழியியலாளர்கள் அதைப் 'பல்பண்பாட்டு லண்டன் ஆங்கிலம்' என்கிறார்கள். தாத்தாக்கள் விழுங்கிய 'ஹ' அதில் திரும்ப வந்துவிட்டது. 'ஃபிங்க்' போகவில்லை, 'இன்னிட்' என்ற முத்தாய்ப்பும் போகவில்லை.

என் தங்கை மகளிடம் நீ கொக்னியா என்று கேட்டேன். "இல்லை மாமா, அது வெள்ளைக்காரக் கிழவர்கள். நான் ஈஸ்ட் லண்டன்" என்றாள். அவள் அந்தச் சொல்லைத் தனக்கு ஆகாது என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. இகழ்ந்தவர்களிடமிருந்து ஏழைகள் பறித்தெடுத்த சொல் அது. அதற்கு இனமும் நிறமும் எந்தக் காலத்திலும் நிபந்தனையாக இருந்ததில்லை. கிழக்கு லண்டன் பள்ளிகள் இந்த வரலாற்றை எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய சொத்தாகச் சொல்லித்தர வேண்டும். அங்கே பிறந்து, அங்கத்தைய தெருப்பேச்சைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.